கதை முடிந்த பிறகு என்ன செய்வது?

பதினாறு பக்கப் படக்கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கைப்பேசியில் என்றால் உடனே அடுத்த கதைக்குத் தாவிவிடலாம். இலவசக் கதைத் தளங்களின் ஆதாயம் இப்படி வரிசையாகத் தீர்த்துக்கொண்டே போவதில் இல்லை. ஒரே கதையில் நாலு நாள் தங்கவும் அவை வழி தருகின்றன. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

'பிரதம் புக்ஸ்' பதிப்பகம் 2015 செப்டம்பரில் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளும் உண்டு. வாசிப்புத் திறனுக்கேற்ப 4 படிநிலைகள். படிக்கக் காசில்லை என்பது பாதிச் செய்திதான். கதைகள் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வருவதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், கதையையே மாற்றியும் எழுதலாம்.

ராஜீவ் ஐப்பின் 'அம்மாச்சீஸ் அமேசிங் மெஷின்ஸ்' கதையில் பாட்டியும் பேரனும் தேங்காய் பர்ஃபி செய்யக் கிளம்புகிறார்கள். கப்பி, நெம்புகோல் என எளிய இயந்திரங்கள் கைகொடுக்கின்றன. படித்ததும், "நம்ம வீட்டுல நெம்புகோல் எங்கே இருக்கு, கண்டுபிடி பார்க்கலாம்" என்று பிள்ளையை அனுப்புங்கள். கத்தரிக்கோல் வரும்; பாட்டியின் பாக்குவெட்டி வரும்; சம்பந்தமே இல்லாமல் ஒரு கரண்டியும் வரும். கரண்டியை டப்பா மூடிக்கு அடியில் கொடுத்து நெம்பிக் காட்டினால் அதுவும் நெம்புகோல்தான்! ஒவ்வொன்றையும் படமெடுத்து, பிள்ளை சொல்லும் வரியை அடியில் தட்டச்சு செய்தால் இரண்டாம் பாகம் தயார். இதை 'கூகுள் ஸ்லைட்ஸ்' போன்ற இலவசச் செயலியில் செய்து வீட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. கதைத் தளத்தில் வெளியிட்டால் அதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். பிள்ளையின் முகமோ பெயரோ அங்கே வேண்டாமே.

குரல் வாசிக்க வாசிக்க எழுத்து நிறம் மாறும் கதைகளும் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுக்கு நல்ல துணை. ஆனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டால் பலன் பாதிதான். அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு, படித்துக் காட்டும்போது கேள்வி கேட்கவும் பதிலை வளர்த்துப் பேசவும் பயிற்சி தந்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் முந்தினார்கள். ஆகவே இடையில் ஒலியை நிறுத்துங்கள், "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

தாத்தா வெளியூரில் இருக்கிறாரா? ஒரு கதையை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பச் சொல்லலாம். கதையின் பி.டி.எஃப். கோப்பை இறக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து வைத்தால், தாத்தா குரல் ஓட ஓடப் பிள்ளை அதில் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்.