முழங்கால் டாக்டர் மட்டும் போதுமா?

விளையாட்டு மருத்துவம்னா முழங்கால், தோள்பட்டை தானேன்னு நினைக்கிறோம் இல்லையா? 2023 ஜனவரி 2, சின்சினாட்டி. அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் நெஞ்சில் அடிபட்டுச் சரிந்தார். இதயம் நின்னுபோச்சு. மைதானத்திலேயே சிபிஆர், மின்னதிர்ச்சி. பிழைத்தார், அதே வருடம் திரும்பவும் ஆடினார்.

வெறும் அதிர்ஷ்டம் இல்லைங்க. என்.எஃப்.எல். ஆட்டம் தொடங்க 60 நிமிடம் முன்னாடியே இரு அணி மருத்துவர்களும் கூடி, ஆபத்துன்னா யார் என்ன செய்யணும்னு பேசி வச்சிடுவாங்க. மூச்சுப்பாதையைக் கவனிக்கவே தனி டாக்டர் உண்டு.

அவசரப் பிரிவு டாக்டர்களுக்கு இதெல்லாம் தினசரி வேலை. அமெரிக்காவில் அவசர மருத்துவம் முடித்த இளம் டாக்டர்கள், கூட ஒரு வருடம் விளையாட்டு மருத்துவம் பயின்று அணி மருத்துவராகலாம். தலைமைப் பொறுப்புக்கு என் ஓட்டு இவங்களுக்குத்தான். சுளுக்கு நாளைக்குக் காத்திருக்கும். நின்ன இதயம் காத்திருக்காது.

உங்க ஊர் மைதானத்துல மின்னதிர்ச்சிக் கருவி எங்க இருக்குன்னு தெரியுமா மக்களே?