பேங்கில் டெபாசிட், பூர்வீக நிலம் இருந்தால் வேலையில்லா உதவித்தொகை கிடைக்காதா?

சென்னை:

படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் இளைஞர்களுக்கு தமிழக அரசு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கி வருகிறது. ஆனால் தகுதி இருந்தும் பலர் இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. "அப்பா பேர்ல அரை ஏக்கர் நிலம் இருக்கு, பேங்க்ல டெபாசிட் வேற கிடக்கு, நமக்கு எங்கே கொடுக்கப் போறாங்க" என்று அவர்களே முடிவு செய்து வீட்டில் இருந்து விடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், டெபாசிட் வட்டியை மறைத்து விண்ணப்பித்துவிட்டு பிறகு சிக்கலில் மாட்டிக் கொள்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. சேமிப்பும், பரம்பரை சொத்தும் இந்த உதவித்தொகையை எப்படி பாதிக்கும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

யாருக்கு கிடைக்கும்?

இந்த திட்டம் 2006-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, அதை விடாமல் புதுப்பித்து, 5 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். வயது 40-க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45 வயது வரை சலுகை உண்டு.

10-ம் வகுப்பு தோல்வி அடைந்தவர்களுக்கு மாதம் ரூ.200, தேர்ச்சி பெற்றவர்களுக்கு ரூ.300, பிளஸ்-2 முடித்தவர்களுக்கு ரூ.400, பட்டதாரிகளுக்கு ரூ.600 வீதம் 3 ஆண்டுகளுக்கு கிடைக்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை வங்கி கணக்கில் சேர்ந்துவிடும். என்ஜினீயரிங், மருத்துவம் போன்ற தொழில் படிப்பு படித்தவர்களுக்கு கிடையாது. முழு நேரமாக காலேஜில் படித்துக் கொண்டிருப்பவர்களுக்கும் கிடையாது. தபால் வழியில் படிக்கலாம்.

பட்டதாரி ஒருவருக்கு 3 ஆண்டில் கிடைப்பது மொத்தம் 21 ஆயிரத்து 600 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் போட்டித்தேர்வு விண்ணப்பக் கட்டணத்துக்கும், பஸ் சார்ஜுக்கும் வீட்டில் கை நீட்டத் தயங்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு தெம்பு.

சொத்தா, வருமானமா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். விதியில் கேட்பது குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை. அது ரூ.72 ஆயிரத்தை தாண்டக்கூடாது. அதாவது மாதம் 6 ஆயிரம் ரூபாய். முன்பு இது ரூ.50 ஆயிரமாக இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது.

கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை பவுன் நகை இருக்கிறது என்பதற்கு தனியாக உச்சவரம்பு வைக்கப்படவில்லை. ஆனால் அந்த பணமும் நிலமும் வருஷா வருஷம் தரும் வரும்படி கணக்கில் வரும். மரத்தை எண்ண மாட்டார்கள், காய்ப்பை எண்ணுவார்கள் என்று வைத்துக் கொள்ளலாம்.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். அப்பா இறந்துவிட்டார். அம்மா வீட்டு வேலைக்கு போய் மாதம் 3 ஆயிரம் சம்பாதிக்கிறார். வருஷத்துக்கு 36 ஆயிரம். பட்டதாரி மகனுக்கு வேலை இல்லை. அப்பா மூலம் வந்த 5 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டிருக்கிறார்கள். வட்டி 35 ஆயிரம். மொத்தம் 71 ஆயிரம். வரம்புக்குள் இருப்பதால் மகன் விண்ணப்பிக்கலாம்.

அதுவே டெபாசிட் 6 லட்சமாக இருந்தால் வட்டி 42 ஆயிரம். மொத்தம் 78 ஆயிரம் ஆகிவிடும். வரம்பை தாண்டிவிட்டது. உதவித்தொகை கிடைக்காது.

"வட்டிக்கு பேங்க்ல வரி பிடிக்கலையே, அதையும் காட்டணுமா?" என்று சிலர் கேட்பார்கள். காட்டத்தான் வேண்டும். வரி பிடிப்பது வேறு, வருமானம் என்பது வேறு. அப்பாவின் வேலைக்காக அம்மாவுக்கு குடும்ப பென்சன் வந்தால் அதுவும் வருமானம்தான்.

வீடு, நிலம் வந்தால்...

பரம்பரையாக வந்த வீட்டில் குடும்பமே குடியிருந்தால் அதில் வருமானம் எதுவும் இல்லை. அதே வீட்டின் ஒரு பகுதியை மாதம் 4 ஆயிரத்துக்கு வாடகைக்கு விட்டால், வருஷத்துக்கு 48 ஆயிரம் சேர்ந்துவிடும். நிலத்தில் சொந்தமாக பயிர் செய்தாலும், குத்தகைக்கு விட்டாலும் வரும் பணம் கணக்கில் வரும். தரிசாக கிடந்தால் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

பட்டா இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருப்பதுதான் பல வீடுகளில் தலைவலி. நாலு பேருக்கு பங்குள்ள நிலத்தை ஒருவரே அனுபவிப்பதாக நினைத்து, முழு விளைச்சலையும் அவர் கணக்கில் சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. எனவே வருமான சான்று வாங்கப் போகும்போது இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், பாகப்பிரிவினை பத்திரம் ஆகியவற்றை கையோடு எடுத்துச் செல்வது நல்லது. பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது.

லண்டனில் வேறு மாதிரி

இங்கிலாந்தில் 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற உதவித்தொகைக்கு சேமிப்பையே எண்ணுகிறார்கள். 16 ஆயிரம் பவுண்டுக்கு மேல் இருந்தால் ஒரு பைசா கிடையாது. 6 ஆயிரம் வரை கண்டுகொள்ள மாட்டார்கள். இடையில் உள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக் கழித்துவிடுவார்கள். உதவித்தொகைக்காக வேண்டுமென்றே பணத்தை மற்றவருக்கு கொடுத்துவிட்டாலும் அது கையில் இருப்பதாகவே கருதப்படும். அந்த கெடுபிடி இங்கே இல்லை.

மறைத்தால் ஆபத்து

அதற்காக இங்கே எதையும் மறைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. உதவித்தொகை வாங்குபவர்கள் வேலையில் இல்லை என்று ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் தர வேண்டும். கையெழுத்து போடுவது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. நடுவில் சொத்து கைக்கு வந்து வருமானம் கூடினாலோ, வேலை கிடைத்தாலோ உடனே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். பதிவு அப்படியே இருக்கும்.

எனவே அப்பா விட்டுப்போன நிலத்தை நினைத்து ஒதுங்கி நிற்காமல், முதலில் ஒரு தாளில் வீட்டின் ஓராண்டு வரும்படியை எழுதிக் கூட்டிப் பாருங்கள். 72 ஆயிரத்துக்குள் வந்தால், சான்றிதழ்களுடன் அந்தந்த மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு தாண்டிவிட்டால் பிறகு எவ்வளவு வருத்தப்பட்டாலும் பயன் இல்லை.