கல் வளருமா? லிங்கி ஆற்றங்கரைக்கு வந்து பாருங்கள்!

கல்லுக்கு உயிர் உண்டு என்றால் நம்புவீர்களா? நெகிரி செம்பிலானில் போர்ட் டிக்சன் பக்கம், பெங்காலான் கெம்பாஸில் ஆளுயரக் குத்துக்கற்கள் கூட்டமாக நிற்கின்றன! கொஞ்சம் கொஞ்சமாக வளர்கின்றன என்று ஊர்மக்கள் நம்பினார்கள். அதனால் மலாய்க்காரர்கள் வைத்த பெயர் 'பத்து ஹிடூப்', உயிருள்ள கல்!

பெரிய கற்கள் மூன்றுக்கும் தனிப்பெயர் உண்டு தெரியுமா? வாள், சுக்கான், கரண்டி! வாள் கல்லின் கிட்டே போங்கள். 'அல்லாஹ்' என்ற அரபுச் சொல் புடைப்பாகச் செதுக்கியிருக்கும்!

பக்கத்திலேயே ஷேக் அகமட் மஜ்னூன் சமாதி. அங்குள்ள கல்தூணில் இரண்டு எழுத்துகள்: ஒன்று ஜாவி, இன்னொன்று காவி. ஆண்டுக்கணக்கும் இரண்டு: ஹிஜ்ரி 872, சக ஆண்டு 1385! ஹிஜ்ரிக் கணக்குப்படி அது கி.பி. 1467. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கவே இன்னும் 31 வருடம் இருந்தது!

அந்தக் காவி எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பல்லவர் எழுத்திலிருந்து! காஞ்சிபுரத்து வேர் கடல் தாண்டி, ஜாவா வழியாக, லிங்கி ஆற்றங்கரைக் கல்லில் ஏறியிருக்கிறது! தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதைப் பார்க்க வேண்டும். பால்மரமும் செம்பனையும் வருவதற்கு 400 வருடம் முன்பே நம் எழுத்தின் வாரிசு இங்கே வந்துவிட்டதே!

அதே தூணில் ஒரு துளை! பொய் சொன்னவன் கையை விட்டால் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம்! நம் லயத்தில் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்களே, அதற்கு அண்ணன் இது!

லிங்கி ஆற்றில் படகில் ஏறினால்? கரையோரக் கண்டல் காட்டில் உப்புநீர் முதலை! இருட்டினால் மின்மினி! 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் ஈயம் கடலுக்குப் போனது இந்த ஆற்று வழியாகத்தான். வழி நெடுக வரி கேட்டுத் தலைவர்கள் சண்டை போட்டார்கள்! முகத்துவாரத்தில் மலாக்கா பக்கம் 1757இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் பெயர் பிலிப்பினா. அது யார் தெரியுமா? பத்தாவியாவில் இருந்த டச்சு கவர்னர் ஜெனரலின் மகள்!

மலைமேல் கல் பார்க்க ஆசையா? ரெம்பாவில் குனோங் டத்தோ! உயரம் 880 மீட்டருக்கு மேல். உச்சியில் வீடு அளவு கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக! இரும்பு ஏணி பிடித்துத்தான் ஏற வேண்டும். ஒரு பாறையில் இருக்கும் பள்ளத்தை ஹங் துவாவின் காலடி என்கிறார்கள்!

வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து மலாக்கா நீரிணை தெரியும். 1926இல் கட்டிய 'ரஜுலா' கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கும் கிள்ளானும் தொட்டு, சிங்கப்பூர் போனது அந்தத் தண்ணீரில்தான்! உங்கள் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டீர்களா?