உறையிடாத எதிர்ப்பு

எழுத்தின் வடிவம், அளவு, நிறம், தாளில் அது அமரும் இடம் ஆகியவற்றைக் கொண்டே பொருளை உணர்த்தும் படைப்பு காட்சிக் கவிதை எனப்படும். பாம்பின் உடலிலும் சக்கரத்தின் ஆரங்களிலும் எழுத்துகளை அடைக்கும் நாகபந்தம், சக்கரம் முதலிய சித்திரகவிகளைத் தண்டியலங்காரத்தின் வழியே அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வகை முற்றிலும் புதிதன்று. ஆயினும் அவை பெரும்பாலும் புலமையைக் காட்டவும் தெய்வத்தையோ புரவலரையோ போற்றவும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென் அமெரிக்காவில் எழுந்த காட்சிக் கவிதையோ, தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதிகாரத்தோடு வழக்காடத் தொடங்கியது.

அதன் ஊற்றுக்கண்களுள் ஒன்று, பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் 1952இல் கவிஞர் மூவர் தொடங்கிய நோய்காந்த்ரஸ் குழு. அம்மூவருள் ஒருவரான தேசியோ பிக்னதாரி, 1957இல் கோகோ கோலா விளம்பர வாசகத்தின் எழுத்துகளையே இடம் மாற்றி அடுக்கி, குடிக்கச் சொல்லும் அழைப்பு படிப்படியாகச் சிதைந்து சாக்கடையைக் குறிக்கும் சொல்லில் போய் முடியும்படி ஒரு கவிதையை அமைத்தார். அவருடைய தோழர் அகுஸ்தோ த காம்போஸ், ஆடம்பரத்தைக் குறிக்கும் சொல்லை அலங்கார எழுத்தில் திரும்பத் திரும்ப அச்சிட்டு, அவற்றையே செங்கற்களாக அடுக்கிக் குப்பை என்னும் பொருள் தரும் சொல்லைப் பெரிதாகக் கட்டி எழுப்பினார். இவ்விரு கவிதைகளிலும் வசை என்று சுட்டத்தக்க ஒரு வாக்கியம்கூட இல்லை. எதிராளியின் எழுத்தையும் பகட்டையும் கடன் வாங்கி அவர்மீதே திருப்பிவிடுவதுதான் இவற்றின் உத்தி. பின்னாளில் வந்த எதிர்ப்பு அஞ்சலட்டைகளில், முழக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டவை விரைவில் மறக்கப்பட்டதற்கும் இந்த உத்தியைக் கைக்கொண்டவை நிலைத்ததற்கும் காரணம் இதுவே எனலாம்.

இத்தகைய கவிதை புத்தகத்திலிருந்து அஞ்சலட்டைக்கு இறங்கியபோது அதன் அரசியல் கூர்மையடைந்தது. கலைஞர்கள் தம் படைப்புகளை அட்டை, முத்திரை, தாமே வடிவமைத்த அஞ்சல் தலை ஆகிய வடிவங்களில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் வழக்கம் அஞ்சல் கலை எனப்பட்டது. தேர்வுக்குழு இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, வந்தவை அனைத்தும் காட்சிக்கு வைக்கப்படும் என்பவை அதன் எழுதப்படாத விதிகள். அச்சகமும் கலைக்கூடமும் பத்திரிகையும் தணிக்கையின் பிடியில் இருந்த நாடுகளில், கடல் கடந்து செல்ல எஞ்சியிருந்த மலிவான வழி அஞ்சல்தான். உறையில்லாத அட்டையைக் கடிதம் பிரிப்பவரும் தபால்காரரும் தணிக்கை அதிகாரியும் படிக்கலாம் என்பது குறை போலத் தோன்றினாலும், அனுப்பியவர்களுக்கு அவர்களும் வாசகர்களே. அத்துடன், அரசின் தபால் துறையே அரசுக்கு எதிரான கவிதையைச் சுமந்து சென்றது என்பதில் அனுப்பியவர்களுக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சியும் இருந்திருக்க வேண்டும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் 1976இல் பாவுலோ புருஸ்கியும் அவருடைய தோழரும் நடத்திய அஞ்சல் கலைக் கண்காட்சி தலைமை அஞ்சலகக் கட்டடத்திலேயே அமைக்கப்பட்டது. திறந்த சற்று நேரத்தில் காவல் துறை அதை மூடி, இருவரையும் சிறையில் அடைத்தது.

இதைவிடக் கொடியது உருகுவேயில் நடந்தது. 1973 ஜூன் மாதம் ஆட்சிக் கவிழ்ப்பு நிகழ்ந்த அந்நாட்டில், 'ஓவம் 10' என்ற இதழின் வழியே காட்சிக் கவிதையைப் பரப்பிவந்த கிளெமெந்தே பதீன், 1974இல் தலைநகர் மொண்டேவீடியோவில் அஞ்சலட்டைக் கலைக்கென ஒரு விழாவையே நடத்தினார். லத்தீன் அமெரிக்காவின் முதல் அஞ்சல் கலைக் கண்காட்சி எனக் கருதப்படுவது அதுவே. ஆட்சியாளர்களின் அடக்குமுறையைச் சுட்டும் அஞ்சல் கலைப் படைப்புகளுக்காக அவரும் ஹோர்ஹே கரபாயோ என்ற கலைஞரும் 1977 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டனர். ஆயுதப் படைகளை இழிவுபடுத்தினர் என்பது குற்றச்சாட்டு. பதீனுக்கு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சேர்த்துவைத்திருந்த அஞ்சல் கலைச் சேகரமும் பறிபோனது. ஆனால் எந்த வலைப்பின்னலைக் குற்றமெனக் கருதி அரசு அவரைப் பிடித்ததோ, அதே வலைப்பின்னல் அவருக்காக எழுந்து நின்றது. பல நாடுகளின் அஞ்சல் கலைஞர்கள் விடுதலை கோரும் அட்டைகளையும் கடிதங்களையும் அனுப்பி வற்புறுத்த, இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கழிந்த பின் 1979இல் அவர் சிறையிலிருந்து வெளிவந்தார். கண்காணிப்பு அதன் பிறகும் சில ஆண்டுகள் நீடித்தது.

அர்ஜென்டினாவில் அட்டை அவ்வளவு தூரம் வெல்லவில்லை. லா பிளாத்தா நகரத்து மரச்செதுக்கு அச்சுக் கலைஞரும் காட்சிக் கவிஞருமான எட்கார்தோ அந்தோனியோ விகோவின் மகன், 1976இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய சில மாதங்களில் கடத்திச் செல்லப்பட்டார். அரசு தர மறுத்த பதிலை விகோ அஞ்சலில் தேடினார்: மகனின் செல்லப்பெயரைச் சொல்லி அவனை விடுவிக்கக் கோரும் முத்திரையையும் அஞ்சல் தலையையும் செய்து, தாம் உலகெங்கும் அனுப்பிய அஞ்சல்களில் பதித்தார். அரசின் அலுவல் முத்திரையைப் போலவே வடிவு கொண்ட ஒன்று, அரசு இல்லையென்று மறைத்த ஓர் ஆளை உண்டென்று சான்றளித்தது. மகன் திரும்பி வரவேயில்லை.

மக்களாட்சி நடக்கும் நாட்டில் இதே கலை என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஜெர்மனியின் கிளாவுஸ் ஷ்டேக் சான்றாவார். சட்டம் பயின்றவரான அவர், ஓவியர் ட்யூரரின் ஐந்நூறாம் பிறந்த ஆண்டு கொண்டாடப்பட்ட 1971இல், ட்யூரர் 1514இல் வரைந்த தம் முதிய தாயின் உருவத்தைச் சுவரொட்டியாக்கி, இந்தப் பெண்ணுக்கு அறை வாடகைக்குத் தருவீர்களா என்ற கேள்வியுடன் நியூரம்பெர்க் நகரில் ஒட்டினார். மேதையைக் கொண்டாடும் ஊர் அவனுடைய தாயைப் போன்ற ஏழைக் கிழவியை வீட்டில் சேர்க்குமா என்பதே அதன் குத்தல். மறு ஆண்டு, சமூக ஜனநாயகக் கட்சி வென்றால் தொழிலாளர்களின் சுவிட்சர்லாந்து மாளிகைகள் பறிபோகும் என்று அவர் போலி அச்சத்தோடு 'எச்சரித்தது', எதிர்க்கட்சியினரின் மிரட்டல் பாணியை அப்படியே எடுத்தாண்ட நையாண்டி. இவை அஞ்சலட்டைகளாகவும் அச்சாகிச் சில காசுகளுக்கு விற்கப்பட்டு, அனுப்பிய ஒவ்வொருவரையும் அந்த வாதத்தில் பங்காளியாக்கின. 1976இல் பான் நகரில் நடந்த அவருடைய கண்காட்சியில், சிலியின் ராணுவக் கவிழ்ப்பைச் சுட்டிக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சாடிய சுவரொட்டியைக் கண்டு கொதித்த அக்கட்சி உறுப்பினர்கள் சிலர், சுவரிலிருந்தவற்றைக் கிழித்தெறிந்தனர். அவருடைய சுவரொட்டிகளையும் அட்டைகளையும் தடைசெய்யக் கோரி 41 முறை சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டும் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை. அவரே 2006ஆம் ஆண்டு பெர்லின் கலைக் கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2015 வரை அப்பதவியில் இருந்தார்.