கட்ச் வறள்நிலத்தில் ஒரு கடல்விலங்கு

கட்ச் என்றவுடன் நம்மவர்க்கு வெண்ணிற உப்புவெளியும் ஒட்டகமுமே நினைவுக்கு வரும். குஜராத்தில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகியும், நாமும் அதனை நீரற்ற பூமியென்றே எண்ணியிருந்தோம். ஆங்கே லோடாய் என்னும் சிற்றூரின் அருகே, கடலில் நீந்தித் திரிந்த பெருவிலங்கொன்றின் எலும்புக்கூடு ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்ததென்று 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குண்டுபள்ளி பிரசாத்தும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டபோது, நாம் வியப்புற்றோம்.

அவ்விலங்கின் பெயர் இக்தியோசார். கிரேக்க மொழியில் 'மீன்பல்லி' என்பது பொருள். தோற்றத்தில் ஓங்கிலை ஒத்திருப்பினும் அது மீனுமன்று, ஓங்கிலுமன்று. ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. நுரையீரலால் மூச்சு விட்டமையின் அடிக்கடி நீர்மேல் வந்தாக வேண்டும். ஆயினும் ஆமையைப் போல் கரையேறி முட்டையிட்டதில்லை. ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடனில், வயிற்றினுள் குட்டிகளோடு கல்லாகிப்போன தாய் விலங்குகள் கிடைத்துள்ளன. ஈனும் தறுவாயிலேயே மாண்டதும் உண்டு! கல்லில் கண்டாலும் நெஞ்சு கனக்கிறது.

லோடாய் விலங்கின் நீளம் சுமார் 18 அடி. காலம் ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன் பற்கள் மிகத் தேய்ந்திருந்தன. ஆகவே மெல்லிய இரையன்று, அம்மோனைட்டு முதலிய ஓடுடைய உயிர்களையும் வன்செதில் மீன்களையும் கடித்து நொறுக்கி உண்டிருக்க வேண்டுமென்று ஆய்வாளர் கருதுகின்றனர். (நம் பூசையறைச் சாளக்கிராமத்தில் காணும் சுருள், அம்மோனைட்டின் தடமே.)

இதற்கு முன்னர் இவ்வின விலங்கின் எச்சங்கள் இந்தியாவில் அகப்பட்டது நம் பழைய திருச்சிராப்பள்ளிச் சீமையிலேதான். இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியில், 10 கோடி ஆண்டுக்கு முந்திய களிமண் அடுக்குகளில் பற்களும் முள்ளெலும்புகளும் தனித்தனியே கிடைத்தன. ஒரு பல்லாயினும் கிடந்த அடுக்கு தெரிந்தால்தான் அதற்குப் பொருளுண்டு. அடுக்கின் காலத்தைக் கணிக்க உடன்கிடக்கும் அம்மோனைட்டுகளே பெரிதும் துணை. பெயர்த்தெடுத்துவிட்டாலோ, வெறுங்கல்.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்ற நம் அன்பர் ஒருவரின் புதல்வன், காரையிலிருந்து ஒரு பை நிறையக் கிளிஞ்சற்கற்கள் பொறுக்கிவந்து பெருமையுடன் காட்டினான். அவற்றிடையே வட்டமாய், இருபுறமும் குழிந்த கல்லொன்றும் இருந்தது. முள்ளெலும்போ என்று ஐயுற்று, "எந்த ஓடையில் எடுத்தாய், தம்பி?" என்று வினவினோம். அவனுக்கு நினைவில்லை.