உப்புக் காற்று தின்ற வேலி

வேலி போடுவது எனது தொழில். கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கும் நானுஓயாவில் சிறியதொரு ஹார்ட்வெயார் கடையும், அதனோடு சேர்த்து வேலி கொன்ட்ராக்டும் செய்து வருகிறேன். வீட்டு வளவு, மரக்கறித் தோட்டம், மையவாடி என்று இந்தப் பகுதியில் நான் போட்ட வேலிகள் ஏராளம். ஆனால் இந்தத் தொழிலின் மிக முக்கியமான பாடத்தை நான் படித்தது மலையில் அல்ல, சாய்ந்தமருதுக் கடற்கரையில். நமது சமூகத்தில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்வோரும் கட்டட வேலை எடுப்போரும் அதிகம் என்பதால் அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கடைவாசலில் கொடுத்த வாக்கு

நமது பகுதியில் விளையும் லீக்ஸ், கரட், கோவா எல்லாம் லொறியேறி கிழக்கு மாகாணச் சந்தைகளுக்கும் போகின்றன. அப்படி மரக்கறி ஏற்ற வந்து பழக்கமானவர்தான் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு ஹாஜியார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவரது வளவின் மதில் அடிபட்டுப் போயிருந்தது. அதன் பிறகு தகரத்தாலும் கிடுகாலும் மறைத்துச் சமாளித்து வந்தார்.

2011இல் ஒருநாள் எனது கடைக்குப் பின்னால் இருந்த செயின்லிங்க் கம்பிவலை வேலியைப் பார்த்து, "இது போட்டு எத்தனை வருசம் தம்பி?" என்று கேட்டார். பத்து வருடம் என்றேன். அது உண்மை. "இதே சாமான்ல எனக்கும் போட்டுத் தாங்க" என்றார். "உங்களுக்கும் பத்து வருசம் நிற்கும் ஹாஜியார், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். இதுதான் பிழை.

ஏறக்குறைய 200 அடி நீள வேலி. இங்கே வார்த்த கொங்கிரீட் தூண்கள், இங்கே விற்கும் அதே கம்பிவலை, இங்குள்ள அதே பாஸ்மார். வேலை நேர்த்தியாக முடிந்தது. ஹாஜியாரும் சந்தோசப்பட்டார்.

2013இல் தொலைபேசி வந்தது. "தம்பி, வேலி செவந்து போச்சு. ஒருக்கா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கட்டுக்கம்பிகள் பல இடங்களில் அறுந்து வலை தொங்கியது. கடலைப் பார்த்த பக்கத்து வலை முழுவதும் துரு. வீட்டுக்குப் பின்னால், காற்று நேரே படாத மூலையில் மட்டும் வலை இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. தூண்கள் சிலவற்றில் நெடுக்காக வெடிப்பு. ஹாஜியார் சத்தம் போடவில்லை. "நீங்க பொய் சொல்லல்ல தம்பி. தெரியாத ஒண்டுக்கு வாக்குத் தந்திட்டீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது.

கேஜ் கேட்டோம், நாகம் கேட்கவில்லை

கம்பி வாங்கும்போது நாம் எல்லோரும் கேட்பது 'எத்தனை கேஜ்?' என்றுதான். 12 கேஜ் என்றால் சுமார் 2.6 மில்லிமீட்டர், 10 கேஜ் என்றால் 3.2 மில்லிமீட்டர். ஆனால் கேஜ் என்பது கம்பியின் பருமன் மாத்திரமே. துருவிலிருந்து கம்பியைக் காப்பது அதன் மேலிருக்கும் நாகப் பூச்சு. ஒரே கேஜில் மெல்லிய பூச்சுக் கம்பியும் உண்டு, தடித்த பூச்சுக் கம்பியும் உண்டு. கடையில் தொங்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் மினுங்கும்.

பூச்சை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள். 60 கிராம் பூச்சு என்றால் அதன் தடிப்பு சுமார் 8 மைக்ரோன். 245 கிராம் என்றால் சுமார் 34 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இனி இடத்தைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச தரம் காற்றின் அரிக்கும் தன்மையை சி1 முதல் சி5 வரையும், அதற்கு மேல் மிகக் கடுமையான ஒரு வகையுமாகப் பிரிக்கிறது. உப்பில்லாத, புகை குறைந்த உள்நாட்டுக் காற்றில் (சி2) வருடத்துக்கு 0.7 மைக்ரோன் வரைதான் நாகம் தேயும். கடுமையான கடற்கரைக் காற்றில் (சி5) வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை தேயும். அதாவது 8 மைக்ரோன் பூச்சு மலையில் பத்து வருடம் தாண்டும். கடலோரத்தில் இரண்டு வருடத்தில் முடியும். ஹாஜியார் வளவில் நடந்தது இந்தக் கணக்குத்தான்.

மலையிலும் ஈரம் உண்டு, மழை உண்டு. ஆனால் இங்கே மழை கம்பியைக் கழுவிவிட்டுப் போகிறது. கடலோரத்தில் உப்பு கம்பியில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. கிழக்கில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலின் தூவானம் நேரே வேலியில் படும். மேற்கில், பேருவளை போன்ற ஊர்களில், தென்மேற்குப் பருவக்காற்று அதே வேலையைச் செய்யும். அலை உடையும் இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் தாக்கம் மிக அதிகம். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும்.

தூணும் மண்ணும்

தூண் வெடித்ததற்கும் காரணம் உப்புத்தான். கொங்கிரீட்டின் நுண்ணிய துவாரங்கள் வழியே உப்பு உள்ளே போய் இரும்புக் கம்பியைத் தொடுகிறது. துருவேறிய இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் பருத்து, சுற்றியுள்ள கொங்கிரீட்டைப் பிளந்துவிடும். நான் மலையில் வார்த்த 4 அங்குலத் தூணில் கம்பிக்கு வெளியே அரை அங்குலக் கொங்கிரீட்தான் இருந்தது. கடலோரத்துக்கு ஒன்றரை அங்குலமாவது வேண்டும். அதற்குத் தூண் 6 அங்குலம் ஆக வேண்டும். கழுவாத கடல்மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலவைக்கு ஆகாது. வார்த்த தூணைக் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

நமது மலை மண் இறுகிய மண். இரண்டு அடி தோண்டினால் தூண் அசையாது. கடற்கரை மணலில் தூணின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும், அடியில் கொங்கிரீட்டும் போட வேண்டும். மூடிய தகர வேலி காற்றைப் பாய்மரம்போல் வாங்கும் என்பதால் அதற்கு இன்னும் கவனம் தேவை.

கிழக்கின் பெரியவர்கள் கிடுகு வேலி கட்டியதை நாம் வசதியில்லாமை என்று நினைக்கிறோம். அவர்கள் வேலி தேயும் பொருள் என்று அறிந்து, கிடுகை அவ்வப்போது மாற்றினார்கள். பூவரசையும் கிளுவையையும் உயிர்த் தூணாக நட்டார்கள். அவற்றில் துருப்பிடிக்க எதுவுமில்லை.

கணக்கைத் தீர்த்த விதம்

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். நான் ஈரத்தை மறைக்கவில்லை. கைவிட்டுப் பார்க்கவே இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்தவன் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

புதிய கம்பிவலையை எனது செலவில் கொண்டுபோனேன். இம்முறை தடித்த பூச்சு, அதன் மேல் பீ.வி.சி. உறை. வெடித்த தூண்களை மாற்றினேன். பாஸ்மாரின் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் ஹாஜியார் ஏற்றுக்கொண்டார். அந்த வருட இலாபத்தில் பெரும் பகுதி போய்விட்டது. அதை இலேசாகச் சொல்ல முடியாது, வீட்டில் கஷ்டப்பட்டோம். ஆனால் ஹாஜியார் மரக்கறி ஏற்ற வருவதை நிறுத்தவில்லை. பின்னர் அவர் சொல்லி அதே ஊரிலிருந்து இரண்டு வேலைகள் வந்தன.

விலைக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். வேலியின் மொத்தச் செலவு 100 ரூபா, அதில் கம்பிவலை 40, மற்றதெல்லாம் தூண், கூலி, லொறி என்று வைத்துக்கொள்வோம். கம்பிவலை ஒன்றரை மடங்கு விலையானாலும் மொத்தம் 120 ரூபாதான். ஆனால் நான்கு மடங்கு பூச்சு, நான்கு மடங்கு ஆயுள். இதை வாடிக்கையாளரிடம் கடதாசியில் எழுதிக் காட்டினால் விளங்கிக்கொள்வார்.

இன்று நான் கடைப்பிடிப்பவை

1. கம்பி வாங்கும்போது கேஜோடு பூச்சின் கிராமையும் கேட்டு பில்லில் எழுதி வாங்குகிறேன். எழுதித் தராதவரிடம் கடலோர வேலைக்கு வாங்குவதில்லை.

2. சந்தேகம் என்றால் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான மயில்துத்தத்தைக் கரைத்து, இரண்டு வகைக் கம்பித் துண்டுகளையும் ஒவ்வொரு நிமிடமாகத் தோய்த்து, கழுவித் துடைத்து மீண்டும் தோய்க்கிறேன். எதில் துடைத்தாலும் போகாத செம்பு நிறம் முதலில் ஏறுகிறதோ அதன் பூச்சு மெல்லியது. கண்ணாடிப் பாத்திரமும் கையுறையும் அவசியம், அது நஞ்சு.

3. கட்டுக்கம்பியும் வலையின் தரத்திலேயே இருக்க வேண்டும். வேலி முதலில் அறுவது அங்கேதான். வெட்டிய, ஒட்டிய இடங்களுக்கு நாகம் கலந்த பெயின்ட் பூசுகிறேன்.

4. வேலிக்கு முன் நில அளவை வரைபடத்தைப் பார்க்கிறேன். எல்லையில் பக்கத்து வீட்டாருடன் பேச்சிருந்தால் வேலையைத் தொடங்குவதில்லை. அப்படிப்பட்ட பிணக்குகளைப் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. கடலோரமாயின், 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ் உயர் நீர்க்கோட்டிலிருந்து 300 மீட்டர் வரையான பகுதி கரையோர வலயம். அங்கே நிர்மாணத்துக்கு முன் அனுமதி பற்றி விசாரிக்கச் சொல்கிறேன்.

5. விலைமனுவில் அது செல்லுபடியாகும் நாட்களை எழுதுகிறேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, திகதி போடாத விலைமனு கொடுத்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

6. கடலோர வேலிக்கு வருடம் ஒருமுறை பார்வையிடும் ஒப்பந்தம் பேசுகிறேன். வாடை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, தளர்ந்த கம்பியை இறுக்கி, துரு தொடங்கிய இடத்தைச் சுரண்டிப் பூசினால் ஆயுள் கூடும். புதிய வேலியை ஒருவர் எப்போதாவதுதான் போடுவார். திருத்த வேலை வருடா வருடம் வரும், முதலீடும் குறைவு. ஊர் இளைஞர்களுக்கு இது நல்ல தொழில்.

இப்போது யாராவது "எத்தனை வருசம் நிற்கும்?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வேலி மட்டுமல்ல, கூரைத் தகடு, கேட், தண்ணீர்த் தாங்கி எது விற்பவராக இருந்தாலும் சகோதரர்களே, பொருள் போய்ச் சேரும் இடத்தை விசாரித்துவிட்டு வாக்குக் கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் ஒரு வியாபாரம் தவறலாம், வாடிக்கையாளரின் நம்பிக்கை தவறாது. அல்லாஹ் நமது சம்பாத்தியத்தில் பரகத் செய்வானாக.