நீவாரமும் நெல்லும்

மாப்பிள்ளைச் சம்பாவின் சிவந்து பருத்த அரிசியையும், சீரகச் சம்பாவின் சின்னஞ்சிறு மணியையும், கவுனியின் கரிய அரிசியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர், இவை மூன்றும் ஒரே இனத்துத் தாவரத்தின் விதைகள் என்று நம்பத் தயங்குவாரேயானால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. உயரத்திலும் வயதிலும், நிறத்திலும் மணத்திலும், நீரில் நிற்கும் வல்லமையிலும் ஒன்றுக்கொன்று இத்தனை விலகி நிற்கும் நெல்வகைகளையெல்லாம், சீனத்திலும் ஜப்பானிலும் ஜாவாவிலும் விளைபவற்றோடு சேர்த்து, ஒரைசா சட்டைவா என்னும் ஒரே இனமாகத் தாவர சாஸ்திரிகள் வகுத்திருக்கிறார்கள். ஆனால் குளத்தின் ஓரத்திலும் வாய்க்காலின் கரையிலும் தானே முளைத்து, கதிர் வாங்கும் வரையில் நெற்பயிரினின்று பிரித்தறிய முடியாதபடி வளரும் ஒரு காட்டுப் புல்லுக்கு, 1965-ஆம் ஆண்டில் சர்மா, சாஸ்திரி என்னும் இரு இந்திய அறிஞர்கள் ஒரைசா நிவாரா எனத் தனியினப் பெயர் சூட்டினார்கள். முனிவர்களின் ஆகாரமாகப் பழைய நூல்கள் பேசும் நீவாரத்தின் பெயரே இங்கு லத்தீன் உருவம் பெற்றிருக்கிறது. இதனைத் தனி இனமாகக் கொள்ளாமல், மற்றொரு காட்டு நெல்லின் ஓராண்டு வாழும் வடிவமே என்று கருதும் அறிஞரும் உளர். ஆகவே இனங்களுக்கு நடுவே நாம் இழுக்கும் கோடு, பார்ப்பவரின் தீர்ப்பையும் ஓரளவு சார்ந்தது.

கோட்டுக்கு உள்ளே இருக்கும் வேற்றுமை எத்தகையது? நெற்செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் பன்னிரண்டு ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் பன்னிரண்டினுள் அடங்கிய பரம்பரைச் செய்தியை எழுத்தெழுத்தாக எண்ணினால் ஏறக்குறைய 39 கோடி வரும்; ஜப்பானிய ரகம் ஒன்றில் அதனை முழுமையாகப் படித்து முடித்தது 2005-இல். பின்னர் 89 நாடுகளிலிருந்து திரட்டிய 3,010 நெல்வகைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தபோது, ரகத்துக்கு ரகம் எழுத்து மாறக்கூடிய இடங்கள் 2 கோடியே 90 லட்சம் என்று தெரிந்தது. இம்மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை செடியின் சுபாவத்தில் யாதொரு விளைவையும் உண்டாக்குவதில்லை. சில மாத்திரம், தக்க இடத்தில் நேர்ந்துவிட்டால், பயிரின் வாழ்வையே திருப்பிவிடுகின்றன.

காட்டு நெல்லின் மணிகள் முற்றியவுடன் தாமாகவே கதிரைவிட்டு உதிர்ந்து சேற்றில் விழுகின்றன. அடுத்த பருவத்துக்கு விதைப்பவர் இல்லாத செடிக்கு இதுவே முறை. அறுப்பவனுக்கோ இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. மணிகள் உதிராமல் கதிரிலேயே தங்கும் குணம், நீவாரத்தையும் நாட்டு நெல்லையும் ஒட்டி ஆராய்ந்தபோது, பெரும்பாலும் ஒரு மரபணுவில் நேர்ந்த ஒரேயோர் எழுத்தின் மாற்றத்தால் விளைந்தது என்று 2006-இல் தெளிவாயிற்று. காம்படியில் மணி கழன்று விழுவதற்கென அமைந்த மெல்லிய அடுக்கு, அந்த மாற்றத்தால் முழுமையாக உருவாவதில்லை. மணி கதிரோடு நின்றுவிடுகிறது. உதிராத கதிர்களே அறுப்பவர் கையில் மிகுதியாகச் சேர்ந்தபடியால், அவற்றின் சந்ததியே அடுத்த விதைப்பிலும் மிகுந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் உண்ணும் சோற்றுக்காக இந்த ஒற்றை எழுத்துக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

இனத்துக்கு வெளியே உள்ள நீவாரம் நம் நாட்டு நெல்லுடன் பெரும்பாலும் தடையின்றிக் கலந்து சந்ததி தருகிறது. ஒரே இனத்துக்குள் அடங்கிய இந்திய வகை நெல்லையும் ஜப்பானிய வகை நெல்லையும் கலந்தாலோ, பிறக்கும் செடியின் கதிரில் பதர்களே மலிகின்றன. பெயரளவில் அந்நியர் கூடி வாழ, உறவினர் பிணங்கும் விசித்திரம் இது. இந்தப் பிணக்கைப் பொறுமையால் வென்றவர்களும் உண்டு. 1950-களில் இவ்விரு வகைகளையும் இணைக்கக் கட்டக்கில் தொடங்கிய பெருமுயற்சியில், ஜப்பானிய நெல்லான நோரின் 10-ஐயும் கோயமுத்தூரின் புகழ்பெற்ற ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து கிடைத்த சந்ததியே, ஆடுதுறை 27 என்ற பெயரில் தஞ்சை ஜில்லாவின் வயல்களை நிறைத்தது.

உட்பட்ட வேற்றுமைக்கும் புறத்தே உள்ள வேற்றுமைக்கும் உண்மையான சோதனை வந்தது பிலிப்பைன்ஸ் நாட்டில். லாஸ் பான்யோஸ் என்னுமிடத்தில் 1960-இல் தோன்றிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் நெட்டை நெல்லான பேட்டாவையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்து, 1966-இல் ஐ.ஆர். 8 என்ற ரகத்தை வெளியிட்டது. உரமிட்டால் சாயாமல் நின்று குலுங்கக் காய்த்த அந்நெல்லின்பால் கொண்ட அபிமானத்தால் வடஆற்காட்டு விவசாயி ஒருவர் தம் மகனுக்கு அதன் பெயரையே இட்டார் என்பார்கள். ஆனால் தைவானிலிருந்து வந்த அதே குட்டைக் குணம், அடுத்தடுத்து வந்த புது ரகங்களில் பெரும்பாலானவற்றிலும் ஏறியது. பல தேசங்களில், பல லட்சம் ஏக்கரில், நெருங்கிய உறவுடைய பயிர்கள் ஆண்டு முழுவதும் அடர்ந்து நின்றன. பூச்சிக்கு இதைவிட வசதியான விருந்து வேறென்ன வேண்டும்? பயிரைத் தீய்ந்தாற்போல் வாட்டும் புகையான் என்னும் பூச்சி, தானாகச் செய்யும் சேதம் போதாதென்று, புல்குட்டை நோய் என்ற வைரஸ் நோயையும் சுமந்து சென்றது. அந்நோய் கண்ட பயிர் புல்லுக்கட்டைப் போல் எண்ணற்ற தூர்விட்டுக் குன்றிப்போகுமேயன்றிக் கதிர் ஈன்று பயன்படுவதில்லை.

எதிர்ப்புச் சக்தி வாய்ந்த நெல்லைத் தேடும் வேலை தொடங்கிற்று. நிலையத்தின் விதைக் களஞ்சியத்திலிருந்து 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றின் நாற்றையும் நோய் சுமந்த பூச்சிகளுக்கு இரையாக்கிப் பார்த்தார்கள். இத்தனை வகை நெல்லிலும், எத்தனையோ தலைமுறைகளாக உழவர்கள் தேர்ந்து காத்த அந்தச் செல்வம் முழுவதிலும், இந்நோயைத் தாங்கும் பலம் ஒன்றிலாவது அமைந்திருக்கவில்லை. அது அகப்பட்டது, உத்தரப் பிரதேசத்தின் கோண்டாப் பகுதியிலிருந்து எடுத்து வைத்திருந்த நீவார மாதிரி ஒன்றில்தான். அதே நீவாரத்தின் ஏனைய மாதிரிகளும் நோய்க்கு இரையாயின என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஓர் இனத்தில் ஒரு குணம் உண்டென்று நாம் பொதுவாகப் பேசிவிடுகிறோம். ஆனால் அது அந்த இனத்தின் எந்த மூலையில், எந்தச் சில செடிகளிடம் ஒளிந்திருக்கிறது என்பதே விஷயம். கோண்டாவில் அந்த மாதிரி வளர்ந்த இடத்தை யாரேனும் சில ஆண்டு முன்னதாக அழித்திருந்தால், நீவாரம் என்ற இனம் வாழ்ந்திருக்கும். மருந்து மாத்திரம் மறைந்திருக்கும்.

பஞ்சாபில் பிறந்த குர்தேவ் சிங் குஷ் என்ற பயிர்ப்பெருக்க அறிஞரும் அவருடைய சகாக்களும் அந்நீவாரத்தை உயர் ரக நெல்லுடன் கலந்தார்கள். முதற்சந்ததி, எதிர்பார்த்தவாறே, பரந்து படர்வதும் மணி உதிர்ப்பதுமாகிய காட்டுக் குணங்களோடு பிறந்தது. அதிலிருந்து நோய் தாங்கியவற்றை மாத்திரம் பொறுக்கி நல்ல நெல்லோடே மறுபடியும் கலந்து, இவ்வாறு மும்முறை செய்தபோது, காட்டுக் குணங்கள் படிப்படியாகக் கழிந்தன. எதிர்ப்புச் சக்தி ஒரேயொரு மரபணுவை ஆதாரமாகக் கொண்டிருந்தமையால் அது மாத்திரம் எஞ்சிற்று. 1976-இல் வெளிவந்த ஐ.ஆர். 36, இவ்வாறு வந்த நீவாரத்தின் வரத்தோடு, பட்டாம்பியின் நெல்லையும் நம் திரூர்க்குப்பத்தின் டி.கே.எம். 6-ஐயும் மூதாதையராக உடையது. 1980-களில் உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிராயிற்று. ஒரு நெல் ரகம் அவ்வளவு பரப்பில் அதற்கு முன் பயிரானதில்லை.

பலவற்றின் கூட்டால் காப்பாற்றப்பட்ட பயிரே மீண்டும் ஒரே ரகமாய் வயல்களை மூடியதைக் காணும்போது மனத்தில் சிறிது சங்கடம் தோன்றாமல் இராது. புகையானில் புதிய பிரிவுகள் தோன்றி, ஐ.ஆர். 36 பெற்றிருந்த பூச்சியெதிர்ப்பைப் பல இடங்களில் வென்றன. வைரஸுக்கும் மாறும் சுபாவம் உண்டல்லவா? 1980-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிலேயே புல்குட்டை நோயின் இரண்டாவது வகை தலைகாட்டியது. கோண்டாவிலிருந்து வந்த மரபணு அதன் முன் பயனற்றுப் போயிற்று. ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் விதைக் களஞ்சியத்தின் கதவைத் திறந்து, இம்முறை நெல்லுக்கு இன்னும் தூரத்து உறவான காட்டு இனங்களின் நாற்றுக்களையும் பூச்சிக் கூண்டுகளுக்குள் வைக்கலானார்கள்.